இரைச்சலுக்கும் எண் உண்டு

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014ஆம் ஆண்டு நின்றுபோனது. ஆயினும் அவ்வகை ஊர்திகள் பல இன்றும் ஓடுகின்றன. முன்னே பொறியும் பின்னே இயங்கு சக்கரங்களும் கொண்ட அவற்றின் அடிப்பகுதியில், கியர் பெட்டியையும் பின்னச்சையும் இணைத்து நீண்டதொரு சுழல்தண்டு ஓடுகிறது. முதிர்ந்த ஊர்தியொன்றில் ஓயாத இரைச்சல் எழுந்தால், பட்டறையில் முதலில் சக்கர பேரிங்கை மாற்றுவர். பிறகு சுழல்தண்டின் முனையிலுள்ள இணைப்பான கிராஸை மாற்றுவர். முடிவில் பின்னச்சின் பற்சக்கர இணையான கிரவுன் பினியனையே மாற்றுவர். இரைச்சலோ அப்படியே இருக்கும். பொருளும் உழைப்பும் இவ்வாறு பாழாவது தேவையற்றது. ஏனெனில் சுழலும் உறுப்பில் பிறக்கும் ஓசை அச்சுழற்சியின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டது. எண்ணை அறிந்தால் உறுப்பை அறியலாம்.

டயரின் சுற்றளவு 2 மீட்டர் எனவும் பின்னச்சின் பல்விகிதம் 4 எனவும் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8.3 முறையும், சுழல்தண்டு 33 முறையும் சுழலும். நொடிக்கு எட்டு அதிர்வைக் காது ஓசையாகக் கேளாது. இருக்கையின் நடுக்கமாக உடல்தான் உணரும். முப்பத்துமூன்று, தாழ்ந்த முழக்கம். பினியனில் 10 பற்கள் இருப்பின் பல்லோடு பல் பொருந்துவது நொடிக்கு 333 முறை. அது தெளிவான ஊளையாகக் கேட்கும். நடுக்கம், முழக்கம், ஊளை ஆகிய மூன்றையும் பிரித்துணர்ந்தாலே தேடல் பெரிதும் சுருங்கிவிடும்.

நான்காம் கியரில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அதில் பொறியின் சுழற்சி மாறாமல் நேரே தண்டுக்குச் செல்வதால் இரண்டும் நொடிக்கு 33 முறையே சுழல்கின்றன. எதன் முழக்கம் எனக் காது அறியாது. அதே 60 கிலோமீட்டரில் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டும். பொறியின் சுழற்சி கூடும்; தண்டின் சுழற்சி கூடாது. முழக்கத்தின் சுருதி உயர்ந்தால் குறை பொறிப்பக்கத்தது. உயராவிடில் கியர் பெட்டிக்குப் பின்னுள்ளது. கருவி ஏதுமின்றி ஊர்தியின் பாதியை ஐயத்தினின்று விலக்கும் இச்சோதனையைச் செய்யாமலே ஊர்தியைப் பிரித்துப் போடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்துப் பளுவைப் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் பினியன் பல்லின் ஒரு முகமும், காலை எடுக்கையில் மறு முகமும் விசையைத் தாங்குகின்றன. ஊளை ஒரு நிலையில் மட்டும் எழுந்தால் கிரவுன் பினியனின் பொருத்தத்தையோ பினியன் பேரிங்கையோ ஐயுறலாம். சக்கர பேரிங்கின் இரைச்சல் மிதிப்புக்கு அவ்வளவாக மாறாது, திருப்பத்துக்கு மாறும். இடப்புறம் வளைகையில் எடை வலச் சக்கரங்களுக்குப் பெயர்வதால், அப்போது இரைச்சல் மிகுமாயின் பெரும்பாலும் வலப்பக்கமே குறையுடையது.

யாவற்றிலும் நுட்பமானது கிராஸ் இணைப்பு. அது சாய்வில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாது. 17ஆம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் ஆராய்ந்த இயல்பு இது. சாய்வு 10 பாகையாயின், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை சுமார் ஒன்றரை விழுக்காடு மிகுந்து, இருமுறை அதே அளவு குறையும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைந்து, சாய்வுகளும் சமமாயிருந்தால், ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்துவிடும். பழுது பார்த்தவர் தண்டின் நீளும் இணைப்பை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் இச்சமன் குலையும். நடுக்கம் சுழற்சியின் இருமடங்கு எண்ணில், அதாவது நொடிக்கு 66 முறை எழும். ரப்பர் தாங்கிகள் அமுங்கியும் பட்டைவில் தளர்ந்தும் சாய்வு மாறிய பழைய ஊர்திகளிலும் இதுவே நேரும். இங்கே கிராஸ் தேய்ந்திருப்பதில்லை. எனவே புதிய கிராஸ் எதுவும் இதைத் தீர்க்காது. மெய்யாகவே தேய்ந்த கிராஸ் வேறு வகையில் தன்னைக் காட்டும். கிளட்சை விட்டதும் 'டொக்' என இடிக்கும். மெல்ல உருள்கையில் கிறீச்சிடும். மூடியோரம் துருப்பொடி செந்நிறமாகக் கசிந்திருக்கும்.

ஊர்தியை உயர்த்தி ஆராய்வோர் பின்னச்சின் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கினால் அச்சு தொங்கிச் சாய்வு மாறி, சாலையில் இல்லாத நடுக்கம் புதிதாய்த் தோன்றும். சக்கரம் சுழலும்போது எவரும் அடியில் செல்லலாகாது.

ஊர்தியைப் பட்டறையில் விடுமுன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த வேகத்தில், எந்தக் கியரில், மிதிக்கையிலா விடுகையிலா, எப்பக்கம் திரும்புகையில். சுழல்தண்டைக் கழற்றுவதாயின், கழற்றுமுன் இணைப்பின் இரு பகுதிகளிலும் நேர்க்குறி இடச் சொல்லுங்கள்.