கூழ்ப் பானையும் செயலவை நாற்காலியும்

ஆடி வெள்ளியன்று வானொலியில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி கூழைப் பற்றித்தான். முதல்நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி வெந்ததும் ஊற்றிக் கிண்டி, ஆறியபின் மோரும் சின்ன வெங்காயமும் சேர்ப்பது.

சுங்கை சிப்புட் தோட்டத்தில் என் பாட்டி விடியுமுன் மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார். மழைக்கும் அம்மைக்கும் உரியவள் அவள். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மழை பெய்தால் கூலி போச்சு. வேண்டுதலே சிக்கல்தான்!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாக, பாட்டியின் அம்மன் ஈப்போ புந்தோங் வீட்டுச் சாமி மேடைக்கு வந்துவிட்டாள்.

‘பெண்சக்தி’ வகுப்புக்குப் பணம் கட்டும் தோழிகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல கோயில்களில் கூழ் பெண்கள் கையில், கணக்கு ஆண்கள் கையில். கூழ் காய்ச்சும் அக்காக்களில் எத்தனை பேர் செயலவையில் இருக்கிறார்கள்? அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.