குளவி எப்போது கொட்டும்?

கொல்லையில் ஒரு கூடு கண்ணில் பட்டுவிட்டால் நம் வீடுகளில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். நீளமான கம்பின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, இருட்டியதும் கொளுத்துவார்கள். உள்ளே இருப்பது கதண்டா, காகிதக் குளவியா, கொம்புத்தேனீயா என்று யாரும் கேட்பதில்லை. கொட்டும் பூச்சி என்றால் எல்லாம் ஒன்று. இப்படி ஒரே தீர்ப்பு எழுதிவிடுவதால் நம் பக்கமே திரும்பாத பூச்சிகள் வெந்து சாகின்றன. நிஜமாகவே ஆளைக் கொல்லக்கூடிய கூட்டின் அடியில் தீப்பந்தத்தோடு போய் நிற்கவும் சிலர் துணிகிறார்கள்.

கொடுக்கிலிருந்தே தொடங்கலாம். எறும்பு, தேனீ, குளவி எல்லாம் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் கொடுக்கு ஆதியில் முட்டையிடும் குழாயாக இருந்தது. பரிணாமத்தில் விஷ ஊசியாக மாறிவிட்டது. அதனால் பெண்ணுக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. ஆண் எவ்வளவு ரீங்காரமிட்டுக்கொண்டு முகத்துக்கு நேரே வந்தாலும் அதனால் கொட்ட முடியாது. விஷத்தைச் சுரக்க உடம்பு பாடுபட வேண்டும். தேனீயானால் உயிரையே கொடுக்க வேண்டும். ஆகவே எந்தப் பூச்சியும் அதை வீணாக்குவதில்லை. பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீயும், குழாயடியில் தண்ணீர் குடிக்கும் குளவியும், கையால் நசுக்கினாலோ காலால் மிதித்தாலோ சட்டைக்குள் மாட்டிக்கொண்டாலோ ஒழிய நம்மைச் சீண்டாது. கூட்டமாகத் துரத்திக் கொட்டுவது கூட்டுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அவை முடிவு செய்யும்போதுதான். ஒரு குளவியைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: இதன் கூடு எங்கே? அதில் எத்தனை உயிர்?

கூட்டம் சேராமல் தனியாக வாழ்பவையே நம் வீட்டுக்குள் அதிகம் வருபவை. சுவர் மூலை, சாமி படத்தின் பின்பக்கம், ஸ்விட்ச் போர்டு, தையல் மிஷினின் அடிப்பகுதி என்று எங்கும் மண்ணை அப்பி வைக்கும் மண்குளவியைத் தெரியாதவர் இல்லை. இடுப்பு நூல்போல் ஒடுங்கி, கறுப்பும் மஞ்சளுமாக இருக்கும். இதில் பரவலான ஓர் இனத்தின் அறிவியல் பெயரிலேயே சென்னை இருக்கிறது: ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 18ஆம் நூற்றாண்டில் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் வைத்த பெயர் அது.

துவைகல்லடி ஈரமண்ணில் இது வேலை செய்வதைக் குனிந்து பார்க்கலாம். பக்கத்தில் போனாலும் ஒன்றும் செய்யாது. தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தாடையால் மண்ணைச் சுரண்டி ஓர் உருண்டை பிடிக்கும். அதைத் தூக்கிப் போய்ச் சுவரில் வைத்துத் தேய்க்கும்போது 'ஙொய்ங்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். உடம்பை அதிரவைத்து மண்ணை இளக்கிப் பூசுகிறது. நாமும் கான்கிரீட் போட்டுவிட்டு வைப்ரேட்டர் ஓட்டுகிறோம், காரணம் அதேதான். குழல் போன்ற ஓர் அறை முடிந்ததும் வேட்டை. சிலந்தி ஒன்றைப் பிடித்துக் கொட்டும். சிலந்தி சாகாது, அசைவற்றுப் போகும். செத்தால் அழுகிவிடும் அல்லவா? அப்படி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அறையை அடைத்து, அவற்றில் ஒன்றின் மேல் முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும். பொரித்து வரும் புழு, கெடாத அந்தச் சாப்பாட்டைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, ஒரு நாள் அறையின் சுவரில் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். அதற்குள் தாய் போயிருக்கும். பூசி முடித்த அறையைக் காவல் காக்க அது நிற்பதே இல்லை. காவல் இல்லாத இடத்தில் கொட்டும் இல்லை.

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பேச்சு நம்மிடம் வெகுகாலமாக உண்டு. குருவின் அருளுக்கு உவமையாகச் சொற்பொழிவுகளில் இன்றும் வரும். சொன்னவர் கண்ணில் பட்டது உண்மைதான்: குளவி புழுவைக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைக்கிறது, சில நாளில் அங்கிருந்து குளவி வருகிறது. நடுவில் நடந்ததுதான் தெரியவில்லை. சிறு மண்பானை செய்து வைக்கும் குயவக் குளவி அப்படிப் பச்சைப்புழுக்களைத்தான் சேர்க்கும். புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்கு உணவாகிறது. பிரான்சின் தென்பகுதியில் இப்படிப்பட்ட வேட்டைக் குளவிகளின் பின்னாலேயே ஆண்டுக்கணக்காக அலைந்து, கொடுக்கு எந்த இடத்தில் இறங்குகிறது என்பது வரை எழுதிவைத்தவர் ழான் ஆன்ரி ஃபாபர் (1823–1915). விவசாயிகளின் அடுப்படியில் மண்குளவி கூடு கட்டுவதையும் அவர் விடவில்லை. உவமை குருவுக்குப் பொருந்தலாம், புழுவுக்குப் பொருந்தாது.

வீட்டுக்கு மண்குளவியைவிட உதவியான ஒன்று உண்டு. உலோகப் பச்சையில் மின்னும், தொடை மட்டும் சிவந்திருக்கும் சிறிய குளவி. பழைய வீடுகளின் குளியலறையிலும் மரத்தடியிலும் பரபரவென்று நடந்துகொண்டிருக்கும். இதன் இரை கரப்பான் பூச்சி. முதல் கொட்டு கரப்பானின் மார்புப் பகுதிக்கு. முன்னங்கால்கள் சற்று நேரம் செயலிழக்கும். இரண்டாவது கொட்டு குறிபார்த்து மூளைக்கே. அதன்பின் கரப்பானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், தானாக நடக்க வேண்டும் என்ற எண்ணம் வராது. குளவி அதன் உணர்கொம்புகளைப் பாதியில் கடித்துத் துண்டித்து, கசியும் நீரைக் குடித்துவிட்டு, மீதிக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளைக்குப் போகும். தன்னைவிடப் பெரிய கரப்பான் பின்னாலேயே நடந்து போவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காசு கொடுத்துக் கரப்பான் மருந்து வாங்குகிறவர்கள் இந்தக் குளவியைச் செருப்பால் அடிப்பது எனக்குப் புரியாத கணக்கு.

முருங்கையில் வந்து முட்டும் பெரிய கருவண்டு வண்டே அல்ல, தச்சுத்தேனீ. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துத் தனித்தனியாக முட்டையிடும். உருவத்தைப் பார்த்து எல்லோரும் ஓடுவார்கள். பெண்ணுக்குக் கொடுக்கு இருந்தாலும் பிடித்து அழுத்தாதவரை அதைப் பயன்படுத்தாது. முருங்கைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கத்தரிப் பூவில் மகரந்தம் நுனித் துளைகள் கொண்ட பைகளுக்குள் அடைந்து கிடக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். தேனீப் பெட்டியில் வளரும் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது, தச்சுத்தேனீக்குத் தெரியும். கதவு நிலையைத் துளைக்கிறது என்றால் மரத்துக்கு வர்ணம் பூசுங்கள். தோட்டத்தில் ஒரு காய்ந்த கட்டையை விட்டுவையுங்கள்.

கூடிவாழ்பவற்றின் கதை வேறு. முற்றத்துக் கூரை விளிம்பு, மீட்டர் பெட்டி, கேட்டின் இரும்புக் குழாய், விரித்தே பல நாளான குடை ஆகியவற்றில் சிறு காம்பிலிருந்து தொங்கும் சாம்பல் நிற அறைக்கூடு காகிதக் குளவியுடையது. மரப்பட்டையைச் சுரண்டி, எச்சிலில் குழைத்துக் காகிதமாக்கி அதைக் கட்டுகின்றன. மரத்திலிருந்தும் காகிதம் செய்யலாமே என்று பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் 1719இல் யோசனை சொன்னது குளவிகள் செய்வதைப் பார்த்துத்தான். அப்போது ஐரோப்பாவில் கந்தல் துணியில் காகிதம் செய்துகொண்டிருந்தார்கள்.

தென்னிந்தியாவில் நிறைய இருக்கும் ரோபாலிடியா மார்ஜினாட்டா என்ற காகிதக் குளவியைப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தார். ஒவ்வொரு குளவிக்கும் வர்ணப் பொட்டு வைத்து, யார் யாரோடு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்ததில் தெரியவந்தது சுவையான சங்கதி: இந்த இனத்தில் ராணி உருவத்தில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டதல்ல, அதட்டி ஆள்வதும் இல்லை, கூட்டிலேயே சாதுவாக இருப்பதே ராணியாக இருக்கக்கூடும். ராணியை எடுத்துவிட்டால் ஒரே ஒரு வேலைக்காரி சட்டென்று முரட்டுத்தனமாகி எல்லோரையும் மிரட்டும். சில நாட்களில் முட்டையிட ஆரம்பித்ததும் அதுவும் சாதுவாகிவிடும். நம் கொல்லையில் தொங்குவது இந்தக் குடும்பத்து அரசியல்தான்.

இவை கொட்டும். ஆனால் சொல்லிவிட்டுத்தான் கொட்டும். நெருங்கும்போது கூட்டின் மேல் இருப்பவை ஒருசேரத் திரும்பி நம்மைப் பார்க்கும், இறக்கையைத் தூக்கி விறைத்து நிற்கும். அந்த இடத்தில் நின்று, கையை வீசாமல், இரண்டு அடி பின்வாங்கினால் போதும். கூடு ஆள் கைபடாத உயரத்தில் இருந்தால் அப்படியே விடலாம். செடிகளில் புழு பொறுக்குகிற வேலையை அவை பார்த்துக்கொள்ளும். கதவுக்குமேலோ, குழந்தைகள் ஓடும் இடத்திலோ கட்டத் தொடங்கினால், ஒன்றிரண்டு அறையோடு ஒரு குளவி மட்டும் இருக்கும் முதல் நாட்களிலேயே, அது வெளியே போன நேரம் பார்த்துக் காம்பைச் சுரண்டிவிடுங்கள். வேறு இடம் தேடிக்கொள்ளும். குழாய்களின் திறந்த வாய்களை முன்கூட்டியே அடைத்துவிட்டால் அந்த வேலையும் இல்லை.

தேனீக்களோடு ஒரே கொல்லையில் வாழ்வதை மார்த்தாண்டம் பக்கத்தில் பார்க்கலாம். தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவில், வீட்டை ஒட்டியே அடுக்குத்தேனீப் பெட்டிகள் காலில் நிற்கும். அங்கே யாரும் பெட்டியின் வாசலுக்கு நேரே நின்று பேசுவதில்லை. தேனீ போய்வரும் வழியை மறிப்பது சண்டைக்கு இழுப்பது. பெட்டியைத் திறக்கும்போது பக்கவாட்டில் நின்று, புகை காட்டி, மெதுவாகத் திறப்பார்கள். புகை, தேனீக்களின் அபாய வாசனையை மறைக்கிறது. ஒரு தேனீ கொட்டும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. வாழைப்பழ வாசனையிலும் அதே பொருள் உண்டு. அதை மோப்பம் பிடித்து மற்றவை அதே இடத்தில் வந்து கொட்டும். கூட்டின் பக்கத்தில் நின்று ஒரு குளவியை அடித்துக் கொல்வதும் இதைப்போலவே ஆபத்து. பல குளவிகளின் விஷத்திலேயே அபாய வாசனை கலந்திருக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டியவை இரண்டுதான். ஒன்று மலைத்தேனீ: உயர்ந்த மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் அரைவட்டமாக ஒற்றை அடை தொங்கும், பல்லாயிரம் தேனீக்கள் மேலே போர்வையாக மூடியிருக்கும். பருவம் மாறினால் தானே இடம்பெயர்ந்துவிடும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள் கொட்டுப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்ததாக வரும் செய்திகளில் 'குளவி' என்றே எழுதுகிறார்கள். பல சமயம் அது இந்தத் தேனீதான். இரண்டாவது, டெல்டாப் பக்கத்தில் கதண்டு என்று அழைக்கப்படும் பெருங்குளவி. கருத்த உடம்பில் அகலமான மஞ்சள் பட்டை இருக்கும். தென்னை, பனை, புதர், மரப்பொந்து எல்லாவற்றிலும் கட்டும். பலமுறை கொட்டும். கீழே குப்பையைக் கொளுத்துவதும், மட்டை வெட்டுவதும், வெடி வெடிப்பதும், பையன்கள் கல்லெறிவதும் இவற்றைக் கிளப்பிவிடும். மரமேற ஆள் வருமுன் மரத்தை நாலு பக்கமும் சுற்றிப் பார்க்காமல் ஏற விடாதீர்கள். இப்படிப்பட்ட கூடு ஆள் நடமாடும் இடத்தில் இருந்தால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள், எண் 101. தீப்பந்தம் வேண்டாம்.

கூட்டம் கிளம்பிவிட்டால் நிற்கவோ படுக்கவோ கூடாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நேராக ஓடி, வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்க் கதவைச் சாத்த வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது பலன் தராது. தலை தூக்கும்போது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தேனீயின் கொடுக்கு முள்ளோடு தோலில் தங்கி, விஷப்பையோடு சேர்ந்து மேலும் விஷத்தைச் செலுத்தும். நகத்தால் சுரண்டுவதா கிள்ளி எடுப்பதா என்ற பழைய சர்ச்சையை 1996இல் வெளியான ஓர் ஆய்வு தீர்த்துவைத்தது: எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம். சுண்ணாம்பு தடவுவது தோலுக்குள் இறங்கிவிட்ட விஷத்தை எட்டாது, தோலைத்தான் புண்ணாக்கும்.

ஒரே கொட்டானாலும் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் அது ஒவ்வாமை. 108ஐ அழையுங்கள், அட்ரினலின் ஊசி தாமதிக்கக் கூடாது. பத்திருபது கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். விஷம் தசையையும் ரத்த அணுக்களையும் சிதைத்து, ஓரிரு நாள் கழித்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். சிறுநீர் கறுத்துப் போவது அதன் அடையாளம்.