சிவப்பு ஐ.சி., நீல ஐ.சி.

சிரம்பானை அடுத்த செண்டாயான் ரப்பர்க் காடாக இருந்த நாளில், லயத்தில் ஒருவரை ‘எந்த ஊரு?’ என்று கேட்டால் சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்றுதான் பதில் வரும். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் கிராணிக்கு அவர்கள் தோட்டத்து ஆட்கள். மலாய்க்காரர் வாயில் ‘கெலிங்’. கலிங்கத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் பழஞ்சொல் அது. மலாக்காவின் கம்போங் கெலிங் பள்ளிவாசலிலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலும் கௌரவமாக நிற்கிற அதே சொல், பின்னாளில் மனத்தைப் புண்படுத்தும் வசையாயிற்று.

‘மலேசியர்’ அதைவிட மிக இளைய சொல். 1963 செப்டம்பர் 16-இல்தான் மலேசியா என்று ஒரு நாடு பிறந்தது. அதற்கு முன்பே, 1957-இல், யார் இந்நாட்டவர் என்பதைச் சட்டம் வகுத்துவிட்டது. மெர்டேக்கா நாள்முதல் இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தானாக வந்தது. 1962-இல் அதுவும் சுருங்கி, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. முன்னே பிறந்த தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் மனுப் போட வேண்டியிருந்தது. இருட்டோடு பால்மரம் வெட்டப் போன, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத மனிதருக்கு அந்தப் பாரத்தை யார் நிரப்பித் தந்தார்கள்? 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றதும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் நிரந்தரவாசிக்கான அடையாள அட்டையான சிவப்பு ஐ.சி.யோடே கிழவர்களானார்கள். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்களிடம் விசுவாசத்துக்குச் சான்று கேட்டது பெரும் அநீதி.

இன்று அந்த ரப்பர்க் காட்டில் பண்டார் ஸ்ரீ செண்டாயான் எழுந்திருக்கிறது: வரிசை வீடுகள், தொழிற்பேட்டை, விமானப்படைத் தளம். அந்தத் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளிடம் ஊர் கேட்டால் ‘சிரம்பான்’ என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போனால் தயங்காமல் ‘மலேசியா’ என்பார்கள். திரும்பி வந்து அரசாங்கப் பாரத்தை நிரப்பும்போது ‘வார்கனெகாரா’ (குடியுரிமை) என்ற கட்டத்தில் மலேசியா, ‘பங்சா’ (இனம்) என்ற கட்டத்தில் இந்தியா. இங்கே ‘இந்தியர்’ என்றால் இனம். தமிழ்நாட்டில் அது நாட்டுரிமை.

எல்லாருக்கும் அந்த முதல் கட்டம் வாய்க்கவில்லை. கோயிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதியாமல் விட்ட வீடுகள் உண்டு. பதிவு இல்லையென்றால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாயிடமும் பத்திரம் இல்லையென்றால் பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கனெகாரா’ (குடிமகன் அல்லர்) என்று விழும். 12 வயதில் வகுப்புத் தோழர்கள் குடிமக்களுக்கான நீல ஐ.சி. எடுக்கப் போகையில், இந்த மண்ணிலேயே பிறந்த அந்தப் பிள்ளை அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் மனுப் போட்டுவிட்டுப் பதிவு இலாகாவின் பதிலுக்காகக் காத்திருக்கிறது.