நடுவர் கிடையாது, மார்க் போடுவது எதிரணி

கோடை முகாம்களுக்குப் பெயர் கொடுக்க இந்த வாரம்தான் கடைசி. மும்பையின் செம்பூர், மாட்டுங்கா வாசகர்களின் கடிதங்களில் ஃபிரிஸ்பிதான் பேச்சு. ‘எல்லா வயதினருக்கும்’, ‘சமூகத்தை இணைக்கும்’ என்கின்றன நோட்டீஸ்கள். பணம் கட்டும் முன், எந்த ஃபிரிஸ்பி என்று கேளுங்கள்.

டிஸ்க் கோல்ஃபா, அல்டிமேட்டா?

டிஸ்க் கோல்ஃபில் வட்டைச் சங்கிலி தொங்கும் கூடைக்குள் எறிய வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயிப்பார். 1970களில் அமெரிக்காவின் எட் ஹெட்ரிக் இதற்கு உருவம் கொடுத்தார். 40, 50, 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆகவே ‘எல்லா வயதினருக்கும்’ என்பது இதற்குப் பொருந்தும். இடத்துக்கு எங்கே போவது? செம்பூரில் அவ்வளவு புல் இருப்பது 1927இல் தொடங்கிய பாம்பே பிரெசிடென்சி கோல்ஃப் கிளப்பில். அது உறுப்பினர்களுக்கு. டயமண்ட் கார்டன் பூங்காவில் வீசினால் வாக்கிங் வருகிறவர் தலையில் விழும்.

நம் நாட்டில் வேர்விட்டிருப்பது அல்டிமேட். அணிக்கு ஏழு பேர், 175 கிராம் வட்டு, ஓயாத ஓட்டம். சென்னையின் ஃப்ளைவைல்ட் அணியைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ குறும்படம் 2015இல் சன்டான்ஸ் குறும்படப் போட்டியில் வென்றது.

நடுவர் இல்லாமல் எப்படி?

அல்டிமேட்டில் நடுவர் கிடையாது. வட்டைப் பிடிக்கத் தாவுகிறீர்கள். எதிராளி இடித்ததில் கை நழுவுகிறது. ‘ஃபவுல்’ என்று நீங்களே குரல் கொடுக்க வேண்டும். ஆட்டம் நிற்கும். அவர் ஒப்புக்கொண்டால் அந்த இடத்திலேயே வட்டு உங்களுக்கு. மறுத்தால், வீசியவர் கைக்கே திரும்பிப் போகும், மறுபடி முதலிலிருந்து.

அப்படியானால் மறுப்பதில் லாபம்தானே? அதற்குத்தான் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணி உங்களுக்கு மார்க் போடும். விதி அறிவு, உடல் மோதல், நியாய உணர்வு, நடத்தை, பேச்சு என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. 2 வாங்கினால் ஒழுங்காக ஆடியதாக அர்த்தம். எல்லா ஆட்டத்திலும் தோற்ற அணிகூட இந்த மார்க்குக்கான ‘ஸ்பிரிட்’ பரிசை வாங்கலாம்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். இடிப்பது அந்தப் ‘பேச்சு’. மூல விதிப் புத்தகம் ஆங்கிலத்தில். பல மைதானங்களில் வாக்குவாதமும் அப்படியே. கான்வென்ட் பிள்ளை விதியைச் சொல்லி மடக்கும். முனிசிபல் பள்ளிப் பிள்ளை, இடிபட்டது தெரிந்தும், ‘சரி, விடு’ என்று ஒதுங்கும். அதைப் பார்த்து ‘நல்ல ஸ்பிரிட்’ என்று முழு மார்க் போடுவார்கள். இரு பிள்ளைகளும் ஒரே அணியில் ஓடுவது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் வாதாடத் தெரிந்தவனுக்கே நியாயம் என்றால், அதை இணைப்பு என்பானேன்? விதிகளைத் தமிழிலோ இந்தியிலோ சொல்லித் தருவீர்களா என்று பயிற்சியாளரைக் கேளுங்கள். பதிலிலேயே முகாமின் தரம் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?
தாராளமாக, கலப்பு அணி இதில் சகஜம்.

அறுபத்தைந்து வயது மாமாவுக்கு?
அல்டிமேட் முழங்காலைப் பதம் பார்க்கும். வீசிப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கடையில் கிடைக்கும் லேசான வட்டு போதுமா?
பழக ஆகும், காற்றடித்தால் சொன்ன பேச்சு கேட்காது.

‘ஒலிம்பிக் அங்கீகாரம்’ என்கிறார்களே?
2015இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஃபிரிஸ்பியின் உலகச் சம்மேளனத்தை அங்கீகரித்தது; பதக்கப் பட்டியலில் ஃபிரிஸ்பி இல்லை.