லாக்கில் விழாத செய்திகள்

சர்வரில் நடப்பதெல்லாம் லாக்கில் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. யார் எப்போது உள்ளே நுழைந்தார், எந்தக் கோரிக்கை எங்கே முறிந்தது என்பதெல்லாம் இருக்கும்தான். ஆனால் டிஸ்க் 91 சதவீதம் நிரம்பிவிட்டது என்று பொதுவாக எந்த லாக்கிலும் ஒரு வரி விழுவதில்லை. முழுக்க நிரம்பி, எழுத இடமில்லாமல் ஏதோ ஒரு புரோகிராம் நின்றுபோகும்போதுதான் செய்தி வரும். (சில சமயம் அந்தச் செய்தியை எழுதவும் இடம் இருக்காது.) புரோகிராமை எழுதியவர் எதைக் குறித்துவைக்கலாம் என்று நினைத்தாரோ, அது மட்டும்தான் லாக்.

விட்டுப்போனதைச் சேர்க்க ஸ்பிளங்க் மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவில் தொடங்கி, 2024-ல் சிஸ்கோ வசம் போன நிறுவனத்தின் தயாரிப்பு இது. லாக் கோப்புகளைப் படித்துத் தேடுவதற்கு ஏற்ப அடுக்கிவைப்பது அதன் பிரதான வேலை. அதோடு, நாமே எழுதிய ஸ்கிரிப்டையும் ஓட்டும். எந்த ஸ்கிரிப்ட், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று அமைப்புக் கோப்பில் குறித்தால் போதும். குறிக்காவிட்டால் 60 விநாடி. ஸ்கிரிப்ட் எதை அச்சிடுகிறதோ அதையெல்லாம் லாக் வரியாக எடுத்துக்கொள்ளும். பைத்தானா, ஷெல்லா என்று கேட்காது. ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் ஊற்றும் இந்த ஏற்பாடு, பெல் ஆய்வகத்தில் 1973-லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது.

டிஸ்க் அளவைப் பார்க்கும் ஸ்கிரிப்ட் அச்சிடும் வரி இப்படி இருக்கும்:

2025-03-14 10:05:00 +05:30 part=data used=91

பெயர் (ஆங்கில எழுத்தில்), சமக்குறி, மதிப்பு என்று எழுதினால் ஸ்பிளங்க் தானே பிரித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் அந்த +05:30. சென்னையில் இருக்கும் கருவி இந்திய நேரத்தைத் தருகிறது, ஸ்கிரிப்ட் ஓடுவதோ யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இயங்கும் சர்வரில் என்று வைத்துக்கொள்வோம். +05:30 என்ற நேர மண்டலக் குறிப்பு இல்லாவிட்டால் காலை 10:05 என்பது யுடிசி 10:05 ஆகிவிடும். அதாவது இந்திய நேரம் மாலை 3:35. கடந்த 15 நிமிடத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தரவு ஐந்தரை மணி நேரம் தள்ளி எதிர்காலத்தில் உட்கார்ந்திருக்கும்.

தொடர்ந்து ஓடும் பைத்தான் ஸ்கிரிப்டில் வேறொரு வேடிக்கை. கையால் ஓட்டினால் வரிகள் உடனுக்குடன் திரையில் வரும். ஸ்பிளங்க் ஓட்டினால் ஒன்றும் வராது. எதிரே திரை இல்லை என்று தெரிந்ததும் பைத்தான் வெளியீட்டை நினைவகத்தில் சேர்த்துவைத்து, பல பதிப்புகளில் 8 கேபி ஆனதும்தான் மொத்தமாக அனுப்பும். நிமிடத்துக்கு 50 பைட் என்றால் முதல் வரி வந்துசேர இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் உடனே வெளியே தள்ளச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

டேட்டாபேஸிலிருந்து எடுப்பதென்றால், கடைசியாக எந்தப் பதிவு எண் வரை அனுப்பினோம் என்று ஸ்கிரிப்ட் ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பழையதையே திரும்ப ஏற்றும். நாளொன்றுக்கு ஏற்றும் அளவை வைத்துக் கட்டணம் என்றால் பில்லும் ஏறும். எண்ணை எப்போது குறிப்பது? அனுப்பும் முன்பே குறித்துவிட்டு நடுவில் ஸ்கிரிப்ட் விழுந்தால் தரவு போய்விடும். அனுப்பிய பின் குறிப்பதாக இருந்து நடுவில் விழுந்தால் இரட்டிப்பாகும். என்னைக் கேட்டால் இரட்டிப்பே மேல். தேடும்போது கழித்துக்கொள்ளலாம், போனதைக் கொண்டுவர முடியாது.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது, ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் செத்துப்போவது. '90-ஐத் தாண்டினால் எச்சரி' என்ற விதி வரி வந்தால்தான் வேலை செய்யும். வரியே வராதபோது அதற்கு எல்லாம் சுகம்தான். ஸ்கிரிப்டின் பிழைச் செய்தி ஸ்பிளங்க்கின் சொந்த லாக்கில் கிடக்கும், தேடிப் போனால்தான் கண்ணில் படும். அதனால் விவரமானவர்கள் அந்த விதிக்குப் பக்கத்திலேயே, 'ஐந்து நிமிடமாக ஒரு வரியும் வரவில்லை என்றாலும் எச்சரி' என்று இரண்டாவது ஒன்றை எழுதிவைக்கிறார்கள்.