குடும்ப நீதிமன்றச் சமரசர்



குடும்ப நீதிமன்றத்தை நாடி வரும் கணவன் மனைவியரிடையே அமர்ந்து, அவர்கள் இணக்கம் காண உதவுபவர் சமரசர். இப்பணிக்கு வேண்டிய தகுதி யாது, பயிற்சி யாது என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுங்கள். நீதிபதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குகிறார். சமரசருக்கு அவ்வதிகாரம் இல்லை. முடிவு செய்ய வேண்டியவர்கள் வழக்காடும் இருவருமே. அவர்கள் பேசுவதற்கு வழி வகுப்பதே சமரசரின் வேலை. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், இணக்கத்திற்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கிற்று. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப் பெற்றது. மணவாழ்க்கை வழக்குகளைத் தொடக்கத்திலேயே சமரச மையங்களுக்கு அனுப்புமாறு 2013-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

இனித் தகுதியைக் காண்போம். 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற மாதிரி விதிகளின்படி, ஓய்வு பெற்ற நீதிபதிகளும், 15 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர்களும், அதே அளவு அனுபவமுள்ள பிற துறை வல்லுநர்களும் சமரசர் பட்டியலில் இடம் பெறலாம். அந்தந்த உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளையும் பார்த்தல் வேண்டும். ஆகவே பட்டம் பெற்றவுடன் கிட்டும் பதவியன்று இது. சட்டம், உளவியல், சமூகப்பணி ஆகியவற்றுள் ஒன்றைக் கற்று, அத்துறையில் பல்லாண்டு உழைத்தபின் அடைவது. குடும்ப நீதிமன்ற ஆலோசகர் என்பது வேறு பதவி. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரைக் குடும்ப நீதிமன்றத்திற்கு அளிப்பது மாநில அரசு.

அனுபவம் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்பதை நான் பட்டறிந்தேன். நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். அவனை அழைத்துச் செல்வது யார் என்று பள்ளி வாயிலிலேயே பூசல் மூண்டது. இருவரையும் என் அறைக்கு அழைத்தேன். சனி, ஞாயிறு தந்தையிடம், மற்ற நாட்கள் தாயிடம் என்று அரை மணி நேரத்தில் முடிவு கூறினேன். இருவரும் தலையசைத்தனர். மறு வாரமே பூசல் மீண்டது. ஆண்டிறுதியில் அப்பிள்ளை மாற்றுச் சான்றிதழுடன் வெளியேறினான். அந்தத் தாய் என் அறையில் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது பின்னரே என் நினைவுக்கு வந்தது. அது அவர்கள் செய்த முடிவன்று. நான் செய்த முடிவு.

நான் தவறிய இடங்களையே பயிற்சி திருத்துகிறது. உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு 40 மணி நேரப் பயிற்சியும், அதன்பின் 10 உண்மை வழக்குகளில் சமரசம் செய்த பழக்கமும் இன்றியமையாதவை என வகுத்தது. பயிற்சியில் ஒருவர் கணவராகவும் ஒருவர் மனைவியாகவும் நடிக்க, மற்றொருவர் சமரசராய் அமர்வார். குறுக்கிடாமல் கேட்டல், கேட்டதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தல், பக்கம் சாயாதிருத்தல் ஆகியவை இவ்வாறு பழக்கப்படுகின்றன. இருவரையும் தனித்தனியே சந்திக்கும் முறையும் உண்டு. அத்தாயை நான் தனியே கண்டிருந்தால், அவர் மௌனம் உடன்பாட்டால் வந்ததா, அச்சத்தால் வந்ததா என்று அறிந்திருப்பேன். அச்சத்தால் பிறந்த இசைவு இணக்கமாகாது. தனியே கேட்டதை வெளியிடாமற் காப்பதும் சமரசரின் கடமை.

பிரிந்தவர்களைச் சேர்த்து வைத்தால்தான் வெற்றி என்றும் எண்ணாதீர்கள். பிரிவே முடிவாயினும், பிள்ளையின் படிப்பும் பராமரிப்பும் பூசலின்றி அமைந்தால் அதுவும் நற்பயனே.

இப்பணியில் நாட்டமுள்ளவர்கள் இன்றே ஒரு பழக்கத்தைத் தொடங்கலாம். நண்பர் இருவர் சச்சரவிட்டு உங்களிடம் வந்தால், யார் பக்கம் நியாயம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இருவர் கூறுவதையும் முழுமையாகக் கேளுங்கள். நாற்பது மணி நேரமும் கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி அதுவே. எனக்கு அது காலங்கடந்து விளங்கிற்று; உங்களுக்கு இன்னும் காலமிருக்கிறது.