திசுத் துண்டு கூறும் செய்தி

1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தையற்காரப் பெண்மணி ஒருவர் ஆல்டிரெட் வார்த்தின் என்னும் நோயியல் பேராசிரியரிடம், தம் குடும்பத்தார் பலர் புற்றுநோயால் மாண்டனர் என்றும், தாமும் அவ்வாறே மடியக்கூடும் என்றும் கூறினார். அவர் அஞ்சியவாறே நேர்ந்தது. அக்குடும்பத்தின் வரலாற்றை வார்த்தின் 1913-இல் வெளியிட்டார். இத்தகைய குடும்பங்களில் மறைந்திருந்த காரணம் 1990-க்குப் பின்னரே புலனாயிற்று.

பெருங்குடற் புற்றுநோயின் போக்கை முன்னறிய, இலண்டன் மருத்துவர் கத்பர்ட் டியூக்ஸ் 1932-இல் ஒரு முறை வகுத்தார். நோய் குடற்சுவரில் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது, நிணநீர்க் கணுக்களை எட்டியுள்ளதா என்பவையே அதன் அடிப்படை. எனினும் ஒரே நிலையிலுள்ள இருவரில் ஒருவர் நலமுற, மற்றவருக்கு நோய் மீள்வதுண்டு. இவ்வேற்றுமையை விளக்கப் புரதங்கள் ஓரளவு துணைசெய்கின்றன.

ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் பிழை செய்வது இயல்பு. அதனைத் திருத்துவோரும் வேண்டும். உயிரணு பிரியும்போது மரபுப் பொருளில் நேரும் பிழைகளைத் திருத்துவோராக எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்னும் நான்கு புரதங்கள் இரண்டிரண்டாக இணைந்து பணிபுரிகின்றன. பெருங்குடற் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் இத்திருத்தப் பணி குன்றியுள்ளது.

இதனை அறியும் முறை எளிது. அறுவையில் பெற்ற திசுவைப் பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய தகடுகளாகச் சீவி, அப்புரதத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளை இடுவர். புரதம் இருப்பின் உயிரணுவின் உட்கரு பழுப்பு நிறம் பெறும். புற்றணுக்கள் நிறமற்றும் அண்டையிலுள்ள நல்ல அணுக்கள் நிறம்பெற்றும் இருந்தால் புரதம் இல்லையென முடிவு செய்யலாம். நல்ல அணுக்களும் நிறம் பெறாவிடில் சோதனையே செல்லாது. திசுவைத் தாமதமின்றிப் போதிய பார்மலினில் இடவேண்டுவது இதனாலேயே.

வியப்பென்னவெனில், இரண்டாம் நிலை நோயில் இப்புரதம் இழந்தோரே பெரும்பாலும் நலமுடன் வாழ்கின்றனர். பிழை மலிந்த அணுக்களை உடலின் வெள்ளணுக்கள் அந்நியமெனக் கண்டு தாக்குவது இதற்கு ஒரு காரணம். இவர்களுக்குப் புளூரோயூராசில் மருந்தைத் தனியே அளிப்பதால் பயன் காணப்படவில்லை. நோய் தொலைவிடங்களுக்குப் பரவிவிட்டால் இந்த அனுகூலம் நிலைப்பதில்லை. எனினும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்புரோலிசுமாப் போன்ற மருந்துகள் அவர்கட்குப் பயன்படுகின்றன.

புரத இழப்பு யாவும் பரம்பரையானதன்று. முதியோரிடம் அது தானாகவும் தோன்றும். பரம்பரையானதாயின், நோயாளியின் மக்களுள் ஒவ்வொருவருக்கும் அக்குறை வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அத்தகையோர் உரிய காலத்தில் குடல் நோக்குச் சோதனை செய்துகொண்டால் நோயைத் தடுக்கவும் தொடக்கத்திலேயே களையவும் இயலும்.

ஆதலின், மலத்தில் குருதி கண்டோரை மூலநோயென எண்ணிக் காலங்கடத்த விடாமல் மருத்துவரிடம் அனுப்புவதும், குடும்பத்தில் எவர், எவ்வயதில், எந்நோயால் மாண்டனர் என்று பரிவுடன் கேட்டுக் குறிப்பதும் களப்பணியாளரின் கடமையாகும். அத்தையற்காரப் பெண்மணியின் சொல்லை ஒருவர் செவிமடுத்துக் குறித்து வைத்தமையாலன்றோ இவ்வறிவு தொடங்கிற்று!